தூங்குமூஞ்சி அக்காவின் குரல்

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு இரண்டு குரல்கள். ஒன்று ஊருக்கே தெரிந்தது. தேன் தடவியது, வாக்கியத்தின் கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி நிற்பது. "உட்காருங்க, இதோ இப்போ கூப்பிட்டுடுவாங்க" என்று அந்தக் குரலில் சொன்னால், காலையிலிருந்து காத்துக் கிடப்பவர்கூட நம்பி உட்கார்ந்துவிடுவார். இன்னொன்று அவளுடைய சொந்தக் குரல். அதை வெளியே எடுத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீட்டில் கணவரிடமும் மேஜைக் குரல்தான். கல்யாணமான புதிதில் அந்த மனிதர், "வீட்டுலயுமா டோக்கன் கொடுக்கறே?" என்று கேலி செய்தார். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது.

காரணம் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு வீடியோ கேம்.

வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கண்ணாடி வெட்டும் அறை. அங்கே இருப்பவர் லென்ஸ்காரர். நாற்பதைத் தாண்டியவர், தலை முன்பக்கம் வழுக்கை, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. அவருடைய லென்ஸ் வெட்டும் இயந்திரம் அடிக்கடி மக்கர் பண்ணும். அது நின்றுபோகும்போதெல்லாம் அதன் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, உயிரே இல்லாத, பாதித் தூக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் குரலில் சொல்வார்: "மறுபடியுமா? சரி, எழுந்திரு." நர்ஸ் சிரிப்பாள். மருந்துக் கடைக்காரர் சிரிப்பார். காத்திருக்கும் கூட்டத்தில் யாராவது ஒரு நடுவயதுக்காரர் தலையை நிமிர்த்தி, "சார் நீங்களும் கடைசிப் படி ஆளா?" என்று உறவு கொண்டாட வந்துவிடுவார்.

அது அவளுடைய குரல். தன் முகத்துக்கு நேரே தன்னையே ஒருவர் மிமிக்ரி செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டு, டோக்கன் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கடைசிப் படி" அவள் தம்பி செய்த கேம். அப்போது அவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இரண்டு நண்பர்களோடு ஒரு வாடகை அறையில் கம்ப்யூட்டர்களுக்கு நடுவே கிடந்தான். அக்காவுக்கு ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி வேலை. கடை மூடியதும் அவர்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவாள். கேமில் ஒரு வழிப்போக்கன் மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் படி ஏறுவான். படிக்குப் படி சாவான். செத்தால் அடிவாரத்துச் சத்திரத்துக் கட்டிலில் கண் விழிப்பான். அங்கே சத்திரக்காரி முதுகைக் காட்டி நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பாள். முகம் வரைய அவர்களுக்கு நேரம் இல்லை. திரும்பிப் பார்க்காமலே அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைப் பேச ஆள் இல்லை.

"நீ சும்மா பேசுக்கா. தற்காலிகம்தான். அப்புறம் நல்ல ஆளா பாத்து மாத்திடறேன்" என்றான் தம்பி.

ஜன்னலில் போர்வையைக் கட்டி, மேஜைக்கு அடியில் மைக்கை வைத்து, அவளும் பேசினாள். எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்தாள். தம்பி சொன்னபடி மாற்றவில்லை. கேம் வெளிவந்தது, யாரும் எதிர்பாராத அளவுக்கு ஓடியது. அதோடு சேர்ந்து அவள் குரலும் ஓடியது. 'உலகத்திலேயே மோசமான நடிப்பு' என்று எவனோ ஒரு காணொளி போட்டான். தூங்குமூஞ்சி அக்கா என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குரலை அலாரத்தில் வைத்தார்கள், லிஃப்ட் நிற்கும்போது போட்டார்கள், மேடையில் தடுக்கி விழுந்த மந்திரியின் படத்துக்குப் பின்னால் ஒட்டினார்கள். ஒருநாள் பேருந்தில் அவள் டிக்கெட் கேட்டதும், பின்னால் உட்கார்ந்திருந்தவன் "டேய், அச்சு அசல் தூங்குமூஞ்சி அக்காடா" என்று நண்பனை இடித்தான். அன்று இறங்கி நடந்தே வீட்டுக்குப் போனாள். அந்த வாரம் கற்றுக்கொண்டதுதான் தேன் குரல்.

தம்பியோடு சண்டை என்று எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். விசேஷ வீடுகளில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்பாள், "சாப்பிட்டேன்கா" என்பான். அந்த அளவில் நின்றுபோனது.

ஒரு திங்கட்கிழமை லென்ஸ்காரர் துக்க வீட்டிலிருந்து வருபவர் போல வந்தார்.

"என்னாச்சு சார்? வீட்டுல யாருக்காவது உடம்பு…?"

"அதைவிட மோசம் மேடம். கடைசிப் படியைப் புதுசா எடுக்கறாங்க. ஒரு பெரிய கம்பெனி வாங்கி, முதல்ல செஞ்சவரையே இயக்குநரா போட்டிருக்கு. நேத்து ட்ரெய்லர் விட்டாங்க. தூங்குமூஞ்சி அக்காவைத் தூக்கிட்டாங்க."

"தூக்கிட்டாங்களா?"

"குரலை மாத்திட்டாங்க. யாரோ பாட்டு டீச்சரைக் கூட்டிட்டு வந்து பேச வச்சிருக்காங்க. 'மறுபடியுமாஆ?'ன்னு உருகுறாங்க. காதுல பாயசம் ஊத்தின மாதிரி இருக்கு."

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல், "நீங்கதான் அந்தக் குரலைத் தினமும் கிண்டல் பண்ணுவீங்களே சார்" என்றாள்.

லென்ஸ்காரர் அவளை வினோதமாகப் பார்த்தார். "எங்கம்மா சமையலைக்கூடத்தான் கிண்டல் பண்ணுவேன். அதுக்காக அம்மாவை மாத்திடுவாங்களா?"

அன்று மத்தியானம் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள். சொன்ன வார்த்தையைத் தம்பி இவ்வளவு காலம் கழித்தாவது காப்பாற்றிவிட்டான். இனிமேல் பிறக்கிற குழந்தைகளாவது தூங்குமூஞ்சி அக்காவைத் தெரியாமல் வளரும் என்று நினைக்கவே உடம்பு லேசானது.

அந்த லேசு அந்த வார இறுதிவரைகூடத் தாங்கவில்லை. வியாழக்கிழமை தம்பியின் மனைவி மருத்துவமனைக்கே வந்துவிட்டாள். கண்ணில் கோளாறு இல்லை. டோக்கன் வாங்காமல் மேஜைக்கு நேராக வந்து, "அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்றாள். இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள்.

"ரசிகர்கள் எல்லாம் வானத்துக்கும் பூமிக்குமா குதிக்கறாங்க. பழைய குரல் இல்லாட்டி யாரும் வாங்க மாட்டோம்ங்கறாங்க. கம்பெனிக்காரங்க பழசையே போடுங்கன்னு சொல்லிட்டாங்க. இவர் முடியாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறார். அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்ங்கறார்."

"அவங்களே போட்டுக்க வேண்டியதுதானே?"

"நீங்க சம்மதிக்கணும். அப்போ எதுலயும் கையெழுத்து வாங்கலையாமே. உங்ககிட்ட கேளுங்கன்னு கம்பெனி சொல்லுது. இவர் கேட்க மாட்டேங்கறார், எங்களையும் கேட்கக் கூடாதுங்கறார். இப்படியே போனா இவரை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுடுவாங்க." சொல்லிவிட்டுக் கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள். "உங்களுக்கே தெரியும். அந்த கேமுக்கு அப்புறம் இவருக்கு எதுவும் சரியா அமையல. இதுவும் போச்சுன்னா எழுந்திருக்கவே மாட்டார். நான் வந்தது அவருக்குத் தெரியாது."

தெரியும். தொட்டது எதுவும் துலங்காமல், கம்பெனி மாறி கம்பெனி போய், வீட்டில் தலையணையோடு பேசிக்கொண்டிருந்தவன் தம்பி. இப்போதுதான் முதல்முறையாக ஒரு வேலையில் இயக்குநர் என்று நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்காலி போகாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் தலையாட்ட வேண்டும். தலையாட்டினால் அந்தக் குரல் இன்னொரு தலைமுறைக்கு ஓடும். யோசிக்கவே அலுப்பாக இருந்தது.

அன்று பேருந்தில் அமர்ந்து ரசிகர்கள் எழுதியதைப் படித்தாள். இத்தனை வருடம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆளுக்கொரு புனைபெயர்.

'செத்துச்செத்து' என்பவர்: "புல் ஏன் இவ்வளவு பச்சையா இருக்கு? உண்மையான புல் சாம்பல் நிறம்தான்."

'வாசப்படி' என்பவர்: "நான் இன்னும் விளையாடல. விளையாடவும் மாட்டேன். ஆனா கேவலமா இருக்கு."

'முதல் படி' என்பவர்: "தூங்குமூஞ்சி அக்காவைத் திட்டற உரிமை எங்களுக்குத்தான். கம்பெனிக்குக் கிடையாது."

'எலும்பு' என்பவர்: "புது அக்கா நான் சாகும்போதெல்லாம் பாவப்படறாங்க. பாவப்பட்டா எனக்குப் படுத்துக்கத்தான் தோணுது."

அதற்குக் கீழே பெயர் போடாத ஒருவர்: "அம்மா இறந்துபோன வருஷம் நான் வேலைக்குப் போகாம இந்த கேமைத்தான் ஆடிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போனாங்க. அந்த அக்கா மட்டும்தான் எழுந்திருன்னு சொன்னாங்க."

இதை அவள் இரண்டு முறை படித்தாள். மனம் இளகியது என்று சொன்னால் பொய். கோபம்தான் வந்தது. சிரித்தபோதும் இவர்கள் அவளைக் கேட்கவில்லை, இப்போது அழும்போதும் கேட்கவில்லை. செய்த கேலிக்கு ஒருவர்கூட ஒரு வார்த்தை வருத்தம் எழுதவில்லை. என்னவோ அவள் அவர்கள் வீட்டுத் திண்டுத் தலையணை மாதிரி, அடிப்பதும் அவர்கள்தான், கட்டிக்கொள்வதும் அவர்கள்தான்.

ஆனால் கோபத்துக்கு நடுவே அவளுக்கு ஒரு வழி தெரிந்தது.

சனிக்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தம்பியின் அலுவலகத்துக்குப் போனாள். தரையெல்லாம் ஒயர். சுவரெல்லாம் படிக்கட்டு ஓவியங்கள். தம்பி திரைக்கு முன்னால் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடியில் பாதி நரைத்திருந்தது.

"அவ வந்து சொன்னாளா?" என்றான்.

"சொன்னா."

"சொல்லாதேன்னேன்."

"நீ சொல்றதை எந்தக் காலத்துல யார் கேட்டாங்க?"

"பழசைப் போட மாட்டேன்கா. அன்னைக்கு மாத்திடறேன்னு சொன்னேன், மாத்திட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு, அவ்வளவுதான்."

"கொஞ்சம்தான்" என்றாள். "பழசு வேணாம். புதுசா பேசித் தர்றேன். இந்தத் தடவை ஒழுங்கா."

யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. இத்தனை வருடமாகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பழகியிருந்தாள். பரிவாக, கண்டிப்பாக, குறும்பாக, அம்மாவைப் போல, ஆசிரியையைப் போல. ஒரு வாய்ப்புக் கிடைத்தால் எப்படிப் பேசியிருப்பேன் தெரியுமா என்று குழாய்த் தண்ணீருக்கு மட்டும் காட்டியிருந்தாள். அந்த வாய்ப்பு இப்போது வந்திருக்கிறது. தம்பியின் வேலையும் பிழைக்கும், அவள் மானமும் பிழைக்கும். இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒலிப்பதிவு அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூயிங்கம் மென்றுகொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு இவள் தொண்டையைச் செருமினாள். குளியலறைச் சரக்கை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

"நல்லாருக்கு மேடம்" என்றாள் ஒலிப்பதிவுப் பெண். "இன்னொண்ணு போலாமா?"

போனார்கள். இன்னும் போனார்கள்.

"கொஞ்சம் வரவேற்கற மாதிரி இருக்கு மேடம்."

"சத்திரம்தானேம்மா?"

"ஆமா. ஆனா நல்ல வசதியான சத்திரம் மாதிரி இருக்கு. கொஞ்சம் அலுப்பா சொல்லிப் பாருங்களேன்."

அலுப்பாகச் சொன்னாள். கொட்டாவி விடுகிறவள் பேசியது போல வந்தது. இன்னும் அலுத்துக்கொண்டாள். பேய்ப் படத்துக்குப் பொருத்தமாக இருந்தது. தேன் குரல் தொண்டையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூயிங்கம் மெல்வதும் நின்றுவிட்டது. உலகத்திலேயே மோசமான நடிப்பு என்று சொன்னவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பில் கண் கலங்கிவிட்டது.

அறை ஓரத்தில் நின்றிருந்த தம்பிக்குத் தயாரிப்பாளரிடமிருந்து போன் வந்தது. வெளியே போனான். திரும்பி வந்தவன் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"விட்டுடுக்கா. திங்கக்கிழமைக்குள்ள பழைய குரல் வரணுமாம், இல்லாட்டி வேற ஆளாம். நானே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன். என்னால முடியல. நிஜமாவே முடியல."

அவள் அவனைப் பார்த்தாள். மைக்குக்கு முன்னால் நின்று நின்று கால் கடுத்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடப் பரீட்சைக்கு முந்தைய நாள் இதே மாதிரி சுவரோரம் உட்கார்ந்து முடியல என்றவன். கல்லூரியில் சேர்ந்த மாதமே முடியல என்றவன். முதல் கல்யாணப் பேச்சின்போது, அப்பா படுக்கையில் விழுந்தபோது, எல்லாவற்றுக்கும் இதே சுவர், இதே முழங்கால். உச்சந்தலை மட்டும் இப்போது வழுக்கை.

"மறுபடியுமா?" என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை.

"சரி, எழுந்திரு."

சொன்ன பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவுப் பெண் ஒரு கையைத் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மைக்குக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

தம்பி தரையில் இருந்தபடியே சொன்னான். "அன்னைக்கும் இப்படித்தான்கா."

"எப்படி?"

"நீ படிச்சுக் கொடுத்தது எதுவும் தேறல. நான் மேஜைக்கு அடியில படுத்துக்கிட்டு, இதெல்லாம் வேணாம், எல்லாத்தையும் மூட்டை கட்டிடலாம்னேன். நீ சாப்பாட்டுப் பாத்திரத்தைத் துடைச்சுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம சொன்னே. மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு."

"அப்போ தற்காலிகம்னு சொன்னது?"

"மாத்தத்தான் நினைச்சேன். பெரிய பெரிய ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து பேச வச்சேன். அவங்க குரலைக் கேட்டா எனக்கே எழுந்திருக்கத் தோணல. அதான் உன்னுதையே விட்டுட்டேன்."

"எனக்கு நடிக்கத் தெரியலன்னு ஊரே சிரிச்சுதேடா."

"நீ நடிக்கவே இல்லையேக்கா."

கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. "இதை ஒரு வார்த்தை அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நான் தரையில கிடந்ததையும் சேர்த்துச் சொல்லணும். அப்போ எல்லா மேடையிலயும் என்னைக் கூப்பிட்டுத் தன்னம்பிக்கை பத்திப் பேச வச்சுக்கிட்டிருந்தாங்க."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஒலிப்பதிவுப் பெண் எதையும் கேட்காமல் பதிவை ஓடவிட்டாள். ஹெட்போனில் அவள் குரல் வந்தது. இத்தனை வருடம் மற்றவர்கள் வாயில் மட்டுமே கேட்ட குரல். அதில் தூக்கம் இல்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த ஒருத்தி, இன்னும் செய்ய வேண்டிய வேலை மிச்சமிருக்கிற ஒருத்தி, கீழே கிடப்பவனைத் தாண்டிப் போகாமல் சொல்கிற வார்த்தையாக இருந்தது. பாவம் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. விட்டுவிட்டுப் போகவும் மனசு இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. தன் குரல் தனக்கே பிடித்துப்போனது வெட்கமாகவும் இருந்தது.

"போட்டுக்கோ" என்றாள்.

"எதை? பழசையா, இதையா?"

"எதை வேணா போடு. சொன்னவ ஒருத்தி, கேட்ட தடியன் ஒருத்தன். ஆனா என் பேரைப் போடணும். முழுப் பேர். இன்னொரு தடவை எவனாவது தூங்குமூஞ்சின்னு எழுதினா, எவளைச் சொல்றோம்னு தெரிஞ்சு எழுதட்டும்."

தம்பி எழுந்தான். பேண்ட்டில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு, "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டான்.

"இல்லடா" என்றாள் அவள்.

புதிய கேம் வெளிவந்தது. அந்தச் சனிக்கிழமைப் பதிவைத்தான் போட்டிருந்தான் தம்பி. இயக்குநர் நாற்காலியும் அவனுக்கே நிலைத்தது. ரசிகர்கள் அடங்கிவிட்டார்களா என்றால், அதுதான் இல்லை. பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் இது பழைய அக்கா இல்லை, கம்ப்யூட்டரில் செய்த குரல் என்று ஆதாரம் காட்டினார்கள். புல் இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது என்று செத்துச்செத்து வருத்தப்பட்டார். கடைசியில் ஓடுகிற பெயர்களைப் பொறுமையாகப் பார்த்தவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

லென்ஸ்காரரும் மீதிப் பேர் கட்சி. காலையிலேயே மேஜைக்கு வந்துவிட்டார்.

"ஏமாத்தறாங்க மேடம். பழைய அக்கான்னு சொல்றாங்க, ஆனா இது யாரோ மிமிக்ரி. காது கேக்கறவனுக்குத் தெரியாதா? நான் பண்றதே இதைவிட நல்லாருக்கும்."

"அப்படியா சார்" என்றாள்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் இயந்திரம் நின்றுபோன சத்தம் கேட்டது. மண்டையில் தட்டக் கையைத் தூக்குவது கண்ணாடித் தடுப்பின் வழியே தெரிந்தது. வரிசையில் ஒரு பெரியவர் கண்ணில் பஞ்சு ஒட்டியபடி நாற்காலியில் புதைந்து கிடந்தார். டாக்டர் மணி அடித்தார். அவளுக்குக் கால் வலித்தது. தேனைத் தேடி எடுக்கச் சோம்பலாக இருந்தது.

"ஐயா, உங்க முறைதான்" என்றாள், தன் குரலில். "சரி, எழுந்திருங்க."

பெரியவர் சட்டென்று எழுந்துகொண்டார். உள்ளே லென்ஸ்காரரின் கை இயந்திரத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மெதுவாகத் திரும்பி, வாயைத் திறந்தபடி, இத்தனை வருடம் பக்கத்து அறையில் இருந்தவளை முதல்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"என்ன சார் பாக்கறீங்க?" என்றாள் அவள். "மெஷினைப் பாருங்க."